எண் கேட்கும் பெட்டிகள்: கணக்கு மென்பொருள் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் கணினிப் படிப்பு முடித்த இளைஞர்கள் முதன்முதலில் எழுதிக் கொடுப்பது அநேகமாக ஏதாவதொரு கணக்கு மென்பொருளாகத்தான் இருக்கும். தேயிலைத் தோட்ட ஒபிசுக்குக் கொழுந்துக் கணக்கு, கடைக்குச் சரக்கு இருப்பு, மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா என்று ஏதோ ஒன்று. எதுவானாலும் அதில் ஒரு பெட்டி இருக்கும், யாரோ ஒருவர் அதில் எண் அடிப்பார். அந்தப் பெட்டியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சி ஷார்ப் மொழியும், அதில் படிவம் அமைக்க உதவும் விண்டோஸ் ஃபோர்ம்ஸும். கடைசியில் பைத்தன் மொழியும், படிவம் அமைக்கும் இன்னொரு தொகுதியான கியூட்டியும் கொஞ்சம் வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்த எண்ணை மென்பொருள் மறுக்கலாம், சந்தேகப்படலாம், திருப்பிக் கேட்கலாம். கேட்காமல் மாற்றக்கூடாது. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், விழும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவருடைய அன்றைய பேர், அதாவது ஒரு நாள் வேலையின் பதிவு.

பெட்டியில் தவறுதலாக ஓர் எழுத்து விழுந்தாலே புரோகிராம் நின்றுவிடுகிறது. ஏன்?

பெட்டியில் இருப்பது எண் அல்ல, எழுத்துச் சரம். அதை எண்ணாக மாற்ற ‘பார்ஸ்’ போட்டிருப்பீர்கள். மாற்ற முடியாவிட்டால் பார்ஸ் ‘விதிவிலக்கு’ என்ற பிழை அறிவிப்பை எறியும். அதைப் பிடிக்க ஆளில்லாவிட்டால் புரோகிராம் விழும். ‘டிரைபார்ஸ்’ பயன்படுத்துங்கள். அது முடிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும், முடிந்திருந்தால் எண்ணையும் தரும். முடியாதபோது அது பூச்சியத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் என்பதை மறக்கவேண்டாம். ‘இல்லை’ என்று வந்த பதிலைப் பார்க்காமல் அந்தப் பூச்சியத்தைச் சேமித்தால், விழாமல் நிற்கும் புரோகிராம் பொய்க்கணக்கு எழுதும். விழுவதே மேல்.

விஷுவல் பேசிக்கில் எழுதிய பழைய மென்பொருளைத் திருத்தும் வேலை கிடைத்தவர்கள் ‘வால்’ என்ற செயற்கூற்றைத் தேடிப் பாருங்கள். அது இடப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போய், எண்ணில்லாத எழுத்து வந்ததும் அதுவரை படித்ததோடு நின்றுவிடும். 1,350 என்று கொடுத்தால் காற்புள்ளியில் நின்று 1 என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதே மொழியின் ‘இஸ்நியூமெரிக்’ எதிர்ப்பக்கம் தாராளமானது. அடைப்புக்குறிக்குள் போட்ட 5 கூட அதற்கு எண்தான்.

விசையை அழுத்தும்போது நடக்கும் கீபிரஸ் நிகழ்வில் இலக்கங்களைத் தவிர எல்லாவற்றையும் தடுத்துவிட்டேன். அது போதாதா?

போதாது. முதலில் பின்னழிப்பு விசை வேலை செய்யாமல் போயிருக்கும். அதுவும் கீபிரஸ்ஸுக்கு ஒரு எழுத்தாகத்தான் வருகிறது. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டு எழுத்துகளைத் தடுக்காமல் விடுங்கள். அடுத்து, மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ஒட்டினால் கீபிரஸ் நடக்கவே நடக்காது. எக்செல்லில் இருந்து ‘45 கிலோ’ என்று கொப்பி பண்ணி ஒட்டினால் அப்படியே உள்ளே போகும். தசமப் புள்ளியை அனுமதித்திருந்தால் 12.5.3 என்றும் அடிக்கலாம். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே சரி, மொத்தமாகப் பார்த்தால் எண்ணே அல்ல.

விசையைத் தடுப்பது அடிப்பவருக்கு ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான். சரிபார்ப்பு என்பது பெட்டியில் கடைசியாக நிற்கும் முழுச் சரத்தையும் படித்துத் தீர்மானிப்பது. நேரம் இல்லையென்றால் கீபிரஸ்ஸை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

௧௨ என்று தமிழ் இலக்கத்தில் அடித்தால் என்ன ஆகும்?

தோட்ட ஒபிசில் யாரும் அப்படி அடிக்கப்போவதில்லை. ஆனாலும் கேள்வி நல்லது, ஏனென்றால் விடை மொழிக்கு மொழி மாறுகிறது. சி ஷார்ப் ஓடும் தளமான டொட் நெட்டின் ‘கேர் இஸ்டிஜிட்’ யூனிகோட்டில் உள்ள எல்லா மொழி இலக்கங்களுக்கும் ஆம் சொல்லும், ௦ முதல் ௯ வரையும் சேர்த்து. அதே டொட் நெட்டின் டிரைபார்ஸ் 0 முதல் 9 வரை மட்டும்தான் ஏற்கும். ஆக, இஸ்டிஜிட்டில் தேறியது டிரைபார்ஸில் தோற்கும். பைத்தனிலோ ‘இண்ட்’ செயற்கூறு ௧௨ ஐ வாங்கி 12 என்று அழகாகத் திருப்பித் தரும். ௰, ௱, ௲ ஆகிய மூன்றும் யூனிகோட் கணக்கில் தசம இலக்கங்கள் அல்ல, அவற்றை இரண்டுமே ஏற்காது. இலக்கமா என்று நீங்களே எழுத்து எழுத்தாகப் பார்ப்பதானால் ‘0க்கும் 9க்கும் இடையிலா’ என்று நேரடியாக ஒப்பிடுங்கள்.

12.5 கிலோவை 12,5 என்று அடித்தபோது 125 கிலோ என்று பதிவானது. இது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

தசம எண்ணுக்கான டெசிமல் வகையின் டிரைபார்ஸை வெறுமனே கூப்பிட்டால் அது மிகவும் இளகிய மனதோடு படிக்கும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளி பரவாயில்லை, முன்னால் கழித்தல் குறி பரவாயில்லை, பின்னால் வந்தாலும் பரவாயில்லை (5- என்று அடித்தால் கழித்தல் 5 ஆகிவிடும்), ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளியும் பரவாயில்லை. அந்தக் காற்புள்ளி சரியாக மூன்று இலக்கத்துக்கு ஒன்று விழுந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 1,000 ஆனாலும் 1,00,000 ஆனாலும் 12,5 ஆனாலும் காற்புள்ளியை உதறிவிட்டு மிச்சத்தைப் படிக்கும். விசைப்பலகையில் புள்ளிக்குப் பதில் பக்கத்திலுள்ள காற்புள்ளியை அழுத்திய விரலுக்குப் பத்து மடங்கு கொழுந்து.

இதன் மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மடிக்கணினி ஒன்றின் விண்டோஸ் வட்டார அமைப்பு ஜெர்மன் என்று இருந்தால், அங்கே காற்புள்ளிதான் தசமக் குறி, புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறி. அந்த இயந்திரத்தில் 12.5 என்று சரியாக அடித்தாலே 125 ஆகும். உங்கள் கணினியில் ஓடிய நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், அங்கே வேறு கணக்குச் சொல்லும். இப்படி வரும் பிழையை ஃபோனில் விசாரித்துப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

தீர்வு சுருக்கமானது. டிரைபார்ஸுக்கு இரண்டு விஷயங்களை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒன்று, எந்த எண் பாணி: தசமப் புள்ளி மட்டும் அனுமதி, காற்புள்ளிக்கும் குறிக்கும் அனுமதி இல்லை. இரண்டு, எந்தக் கலாசாரம், அதாவது எந்த வட்டாரத்து எண் எழுதும் முறை: எந்த நாட்டையும் சாராத ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’. அதன்பின் 12,5 பிழையாகத் திரும்பி வரும், கிளாக்கர் பார்த்துத் திருத்துவார். ‘காற்புள்ளி வந்தால் நானே புள்ளியாக மாற்றிவிடட்டுமா?’ என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். 1,350 ரூபாவை 1.35 ஆக்கிவிடுவீர்கள்.

பணப் பெட்டியில் காற்புள்ளி வேண்டும் என்று பாவிப்பவர்கள் கேட்டால், அடிக்கும்போது இல்லாமல், பெட்டியைவிட்டு நகர்ந்தபின் நீங்களாக 1,350.00 என்று வடிவமைத்துக் காட்டுங்கள். திரும்பப் பெட்டிக்குள் வந்ததும் காற்புள்ளியை எடுத்துவிடுங்கள்.

நிறைக்கும் பணத்துக்கும் டபுளா, டெசிமலா?

டெசிமல். டபுள் இரண்டடிமானத்தில் எண்ணை வைப்பதால் 0.1 என்பதை அதனால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். காலை, பகல், மாலை என மூன்று நிறுவைகளையும் கூட்டி அன்றைய மொத்தத்தோடு ஒப்பிட்டால் கண்ணுக்குச் சமமாகத் தெரிவதைக் கணினி சமமில்லை என்று சொல்லும். டெசிமல் இல்லாத மொழியானால் ரூபாவைச் சதமாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

டபுளில் இன்னொரு விஷமும் உண்டு. ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ஒரு விசேட மதிப்பு அதில் இருக்கிறது, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து (NaN). அந்த எழுத்துகளைப் பெட்டியில் அடித்தால் டபுளின் டிரைபார்ஸ் அதையும் செல்லுபடியாக ஏற்கும். பிறகு ‘0ஐவிடக் குறைவா, 150ஐவிடக் கூடவா’ என்று கேட்டால் இரண்டுக்கும் இல்லை என்றே பதில் வரும். எல்லைக் காவலைத் தாண்டி உள்ளே போய்விடும். ‘வெளியே இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘உள்ளே இருக்கிறதா’ என்று கேட்டு, ஆம் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி நிபந்தனையை எழுதுவது எப்போதும் பாதுகாப்பு.

ஒரு சதம் வித்தியாசம் வருகிறது. மட்டந்தட்டுவதில் என்ன பிரச்சினை?

டொட் நெட்டின் ‘மேத் ரவுண்ட்’ நடுவில் நிற்கும் எண்ணை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளும். 2.5ஐக் கொடுத்தால் 2. பைத்தனும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் படித்தது 3.

இது சம்பளப் பட்டியலில் எங்கே தலைகாட்டும் என்று பார்ப்பது சுவாரசியமானது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம். சம்பளம் ரூபா சதமாக இருக்கும்வரை இந்த இரண்டு வீதங்களும் சரியாக அரைச் சதத்தில் போய் நிற்கவே முடியாது. எந்த வழியில் மட்டந்தட்டினாலும் விடை ஒன்றுதான். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதம் அப்படியல்ல. சம்பளம் 50 சதத்தில் முடிந்தால் அரைச் சதம் வரும். ரூபா 36,451.50க்கு 3 வீதம் 1,093.545. இயல்பு வழியில் 1,093.54, பள்ளிக்கூட வழியில் 1,093.55. எந்த வழி என்று ஒபிசில் கேட்டு, அதை நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். தொகுதி தொகுதியாக ஓடும் பட்டியலில் அந்த ஒரு சதத்தைத் தேடி ஒரு பின்னேரம் போய்விடும்.

டெக்ஸ்ட்பொக்ஸுக்குப் பதில், அம்புக்குறியால் எண்ணை ஏற்றி இறக்கும் நியூமெரிக் அப்டவுன் பெட்டியைப் போட்டால் இந்தத் தலையிடி எதுவும் இல்லையே?

எழுத்து விழாது என்பது உண்மை. வேறு தலையிடிகள் வரும்.

அதன் இயல்பு எல்லை 0 முதல் 100 வரை. எல்லையை மாற்ற மறந்துவிட்டு 1350 அடித்தால், பெட்டியைவிட்டு நகரும்போது சத்தமே இல்லாமல் 100 ஆகிவிடும். கிளாக்கரின் கண் அந்நேரம் புத்தகத்தில் இருக்கும். இதைத்தான் ஆரம்பத்தில் ‘கேட்காமல் மாற்றுவது’ என்றேன். எல்லையைச் சரியாக வைத்தாலும் இந்தக் குணம் போகாது: உச்சம் 150 என்றால் 1250 என்ற விரல் பிழை 150 ஆகி, பார்க்கிறவருக்கு நம்பத்தகுந்த எண்ணாக மாறி நிற்கும். 1250 ஆகவே இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

பெட்டியை முழுவதும் அழித்தால் திரை வெறுமையாகத் தெரியும், உள்ளே பழைய மதிப்பு அப்படியே இருக்கும். கவனம் அந்தப் பெட்டியில் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் ஏறி இறங்கும். நீண்ட படிவத்தைக் கீழே உருட்டிப் பார்க்க நினைத்தவர் ஒருவருடைய நிறையை மாற்றிவிடுவார்.

பிரதிகளின் எண்ணிக்கை, அச்செழுத்தின் அளவு போன்றவற்றுக்கு நியூமெரிக் அப்டவுன் நல்லது. காசுக்கும் நிறைக்கும் நான் டெக்ஸ்ட்பொக்ஸையே வைப்பேன்.

ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்துக்கு என்ன எல்லை வைப்பது?

நிரலுக்குள் எண்ணாக எதையும் வைக்காதீர்கள். நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய அளவு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், காலத்துக்குக் காலம் மாறும். நல்ல மழைக்குப் பின் கொழுந்து குமிந்து வரும் நாளில், கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குப் பறிக்கும் கெட்டிக்காரி நோமைப்போல இரண்டு மடங்கைத் தாண்டுவது ஒன்றும் அதிசயமல்ல. அன்றைக்குப் பார்த்து மென்பொருள் ‘இது முடியாது’ என்றால், கிளாக்கர் எல்லைக்குள் அடங்கும் எண்ணை அடித்துவிட்டு மிச்சத்தை ஒரு துண்டில் எழுதிவைப்பார். மிச்சத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நாட்சம்பளம் இன்னும் தெளிவான உதாரணம். 2021இல் வர்த்தமானி மூலம் 1,000 ரூபா ஆனது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. ‘1000க்கு மேல் ஏற்காதே’ என்று நிரலுக்குள் எழுதியவர் சம்பளம் கூடிய மாதத்தில் ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கவேண்டியதுதான். எல்லைகளை அமைப்பு அட்டவணை ஒன்றில், எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு வையுங்கள். பெரிய கிளாக்கரே மாற்றிக்கொள்வார்.

எல்லைகளில் இரண்டு வகை வேண்டும். ஒன்று நடக்கவே முடியாதது: கழித்தல் நிறை, ஒரு மாதத்தில் 32 நாள் வேலை. இதை மறுக்கவேண்டும், பேச்சுக்கு இடமில்லை. மற்றது நடக்கலாம் ஆனால் அரிது: வழமையைவிட மிகக் கூடிய நிறை. இதற்கு ‘உறுதிதானா’ என்ற கேள்வி.

அந்தக் கேள்வியையும் சிக்கனமாகக் கேட்கவேண்டும். 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் மிசுஹோ செக்கியூரிட்டிஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 610,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்க உத்தரவிட்டார். இரண்டு பெட்டிகளில் எண்கள் இடம் மாறிவிட்டன. திரையில் எச்சரிக்கை வந்தது. தினமும் பார்க்கும் எச்சரிக்கைகளில் ஒன்றாக நினைத்து அதைத் தாண்டிப் போனார்கள். நட்டம் 40 பில்லியன் யென்னுக்கு மேல். நாளுக்கு ஐம்பது தடவை ‘உறுதிதானா’ என்று கேட்கும் மென்பொருள், ‘ஆம்’ பொத்தானைப் பார்க்காமலே அழுத்தப் பழக்கிவிடுகிறது. எச்சரிக்கை வரும்போது வெறும் ஆம் இல்லை என்று வைக்காமல், எண்ணை இன்னொரு முறை அடிக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே 62 கிலோ என்றால் இன்னொரு முறை 62 அடிக்க ஒரு நொடி போதும். 26ஐ மாற்றி அடித்தவர் இரண்டாம் முறை பெரும்பாலும் 26 என்றே அடிப்பார்.

வெறுமையும் பூச்சியமும் ஒன்றா?

இல்லை. பூச்சியம் என்றால் நிறுத்தார்கள், ஒன்றும் இல்லை. வெறுமை என்றால் இன்னும் எழுதவில்லை. பிரட்டுக்கு (காலையில் ஆள் பதிந்து வேலை பிரிக்கும் இடம்) வந்து பேர் பதிந்தவருக்கு மாலை நிறுவைக்கட்டம் வெறுமையாக இருந்தால் விசாரிக்கவேண்டும், 0 என்று இருந்தால் வேண்டியதில்லை. வெறுமையாக இருக்கக்கூடிய எண்ணை ‘நல்’ (மதிப்பே இல்லை என்பது) ஏற்கும் வகையில் வையுங்கள். படிவம் திறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் 0 போட்டுவைக்கும் பழக்கத்தை விடுங்கள். அழகுக்காகச் செய்வது, விடுபட்டதை மறைத்துவிடும்.

அடையாள அட்டை இலக்கத்தை எந்த எண் வகையில் வைப்பது?

எந்த எண் வகையிலும் வேண்டாம். கூட்டிக் கழிக்காத இலக்கம் எதுவும் எண் அல்ல, அது சரம். தொலைபேசி இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம் எல்லாவற்றுக்கும் இதுதான்.

தேசிய அடையாள அட்டையில் இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. பழையது 9 இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதியது 12 இலக்கம், எழுத்து இல்லை. பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக, அந்த மூன்று இலக்கம் 1 முதல் 366 வரை அல்லது 501 முதல் 866 வரைதான் இருக்கமுடியும். 420 என்று வந்தால் பார்த்த மாத்திரத்தில் பிழை என்று சொல்லிவிடலாம். புதியதில் ஆண்டு நான்கு இலக்கமாகிறது, நாளுக்குப் பின்வரும் தொடரிலக்கத்தில் ஓர் இலக்கம் கூடுகிறது.

பழையதைப் புதியதாக்குவதும் எளிது: முன்னால் 19 சேர்த்து, நாள் இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 சேர்த்து, எழுத்தை எடுத்துவிடவேண்டும். கற்பனையாக 857201234 என்று வைத்தால் 198572001234. ஒரே ஆள் இரண்டு வடிவத்திலும் இரண்டு தடவை பதியப்படாமல் இருக்க இந்த மாற்றம் கட்டாயம் தேவை. நாளைத் திகதியாக்கும்போது ஒரு பொறி உண்டு. எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணப்படுகிறது. மொழியிலுள்ள ‘ஆண்டின் நாள்’ செயற்கூற்றை அப்படியே பாவித்தால் சாதாரண ஆண்டில் மார்ச் முதல் எல்லாப் பிறந்தநாளும் ஒரு நாள் பிந்தும். மேலேயுள்ள 720 என்பது பெண், 220ஆம் நாள், ஆகஸ்ட் 7. வெறுமனே எண்ணினால் ஆகஸ்ட் 8 வரும்.

தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ‘வி’ விசையை அழுத்தும்போது தமிழ் எழுத்து விழும். அந்தப் பெட்டிக்குள் வந்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், சின்ன எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் இருந்து இறக்கும்போது அந்த நெடுவரிசை சரமாக இருக்கிறதா என்று பாருங்கள். 12 இலக்கத்தைச் சாதாரணக் கட்டத்தில் போட்டால் எக்செல் அதை அடுக்குக்குறி வடிவத்தில் சுருக்கிக் காட்டும், சிலர் அந்தச் சுருக்கத்தையே கொப்பி பண்ணி அனுப்புவார்கள்.

தொலைபேசி இலக்கம்?

0 இல் தொடங்கும் 10 இலக்கம். ஹட்டன் 051, நுவரெலியா 052, பதுளை 055, பண்டாரவளை 057, கண்டி 081, கைத்தொலைபேசி 07. இடைவெளியையும் கோட்டையும் நீங்களே எடுத்துவிட்டுச் சேமியுங்கள், +94 உடன் வந்தால் 0 ஆக்குங்கள். இது மதிப்பை மாற்றுவது அல்ல, எழுதும் முறையை ஒன்றாக்குவது. ஆகவே கேட்காமல் செய்யலாம்.

எப்போது சரிபார்ப்பது? ஒவ்வொரு விசைக்குமா, பெட்டியைவிட்டுப் போகும்போதா, சேமிக்கும்போதா?

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கை விரல் வரியைப் பிடித்திருக்க, வலது கை இலக்கப் பலகையில் ஓடும். கண் திரையில் இருக்காது. இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள், பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஒவ்வொரு விசைக்கும் சிவப்புக் காட்டினால் யாரும் பார்க்கப்போவதில்லை. 45 அடிக்க வந்தவர் 4 அடித்தவுடன் ‘மிகக் குறைவு’ என்று காட்டுவது வெறும் தொந்தரவு. நடுவில் செய்திப் பெட்டி பாய்ந்தால் அதைவிட மோசம்: அடுத்த எண்ணுக்காக அழுத்திய என்டர் அந்தப் பெட்டியை மூடிவிடும், பிழை இருந்ததே தெரியாது. பெட்டியைவிட்டு நகரும்போது சரிபாருங்கள், பிழையென்றால் ஒலி எழுப்புங்கள், பெட்டியின் நிறத்தை மாற்றுங்கள், பெட்டிக்குப் பக்கத்தில் பிழைக் குறி காட்டும் எரர் புரொவைடரைப் போடுங்கள். சேமிக்கும்போது எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்து, முதல் பிழைக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள்.

பெட்டியைவிட்டு நகரும்போது நடக்கும் வேலிடேட்டிங் நிகழ்வில் ‘கேன்சல்’ போட்டு ஆளைப் பெட்டிக்குள் அடைத்துவைப்பவர்கள் உண்டு. அப்போது புத்தகத்தில் வாசிக்க முடியாத ஒரு வரியைத் தாண்டிப் போகவும் வழியில்லை, படிவத்தை மூடவும் வழியில்லை. ‘ஆட்டோ வேலிடேட்’ பண்பைக் கவனம் நகர அனுமதிக்கும்படி மாற்றுங்கள், ரத்துப் பொத்தானின் ‘கோசஸ் வேலிடேஷன்’ பண்பை அணைத்துவிடுங்கள். சேமிக்கும் பொத்தான் மேலே கருவிப்பட்டையில் இருந்தால் இன்னொரு ஓட்டை: அதை அழுத்தும்போது கவனம் பெட்டியைவிட்டு நகராது, எனவே கடைசிப் பெட்டியின் வேலிடேட்டிங் நடக்காது. சேமிக்கும் முன், எல்லாப் பெட்டிகளையும் சரிபார்க்கும் ‘வேலிடேட் சில்ட்ரன்’ கூப்பிடுங்கள்.

நம்லொக் அணைந்திருந்தால் 7 அழுத்தும்போது குறி வரியின் தொடக்கத்துக்கு ஓடும், 4 அழுத்தினால் இடப்பக்கம் நகரும். நம்லொக் நிலையைப் படிவத்தின் மூலையில் பெரிதாகக் காட்டுங்கள்.

பிழைச் செய்தியை எப்படி எழுதுவது?

‘செல்லுபடியற்ற உள்ளீடு’ என்று எழுதாதீர்கள். ‘மாலை நிறை 1250 கிலோ என்று உள்ளது. 0 முதல் 150 வரை இருக்கவேண்டும்’ என்று எழுதுங்கள். எந்தப் பெட்டி, என்ன அடித்தார், என்ன வேண்டும். சிங்களத்திலும் போடுங்கள், கிளாக்கர் நாளை மாறலாம். அலகைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். இன்றைக்கும் ராத்தலில் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ 2.2 ராத்தல் என்பதால், அலகு மாறிய எண் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும், எந்தச் சரிபார்ப்பும் பிடிக்காது.

ஒவ்வொரு பெட்டியும் சரியாக இருந்தும் மொத்தக் கணக்குப் பிழைக்கிறதே?

பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடவேண்டும். மூன்று நிறுவையின் கூட்டுத்தொகை நாள் மொத்தம். கழிவைக் கழித்த நிறை மொத்த நிறையைவிடக் கூடமுடியாது. மலையில் பறித்த எல்லோருடைய நிறையும் சேர்ந்து லொறியில் ஃபெக்டரிக்குப் போன நிறைக்குக் கிட்ட வரவேண்டும். ஃபெக்டரியிலோ ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து என்ற கணக்கு உண்டு, அதிலிருந்து வெகுதூரம் விலகினால் எங்கோ ஓரிடத்தில் இலக்கம் பிசகியிருக்கிறது. 26க்கு 36 அடித்ததைத் தனிப்பெட்டிச் சரிபார்ப்பு பிடிக்காது, இந்தக் கூட்டல் பிடிக்கும். பழைய பேரேட்டுக் கிளாக்கர்கள் பக்கத்துக்குப் பக்கம் மொத்தம் போட்டு ‘கொண்டுவந்தது’ என்று எழுதியது இதற்குத்தான். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒப்பீடுகள் கிடைக்கும்.

கழிவுப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சாக்கு நிறைக்கும் தண்ணீருக்குமாகக் கழிப்பதை மென்பொருள் தானாக நிரப்பிவிடக்கூடாது. அதை ஒருவர் அடிக்கவேண்டும், அடித்தவர் பெயரும் பதிவாகவேண்டும்.

டேட்டாபேஸிலும் எல்லை போடவேண்டுமா? படிவத்தில்தான் பார்த்தாயிற்றே.

போடவேண்டும். நாளைக்கு யாராவது எக்செல்லில் இருந்து நேரடியாக இறக்குவார்கள். ஆனால் போட்டது வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகள் ‘செக்’ நிபந்தனையை வாங்கிக்கொண்டு பேசாமல் புறக்கணிக்கும், 8.0.16இலிருந்துதான் அது உண்மையில் இயங்குகிறது. எஸ்கியூலைட்டில் முழு எண் நெடுவரிசைக்குள் எழுத்துச் சரத்தைப் போட்டாலும் சேமித்துவிடும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணையை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று அறிவித்து இதைத் தடுக்கலாம்.

பைத்தனில் எழுதினால்?

‘இண்ட்’ செயற்கூறு 1_000 ஐயும் ஏற்றுக்கொண்டு ஆயிரம் என்று சொல்லும். ‘இஸ்டிஜிட்’ மேலெழுத்து ²க்கு ஆம் சொல்லும், இண்ட் அதே ²இல் விழும். பணத்துக்கு டெசிமல் தொகுதியைப் பாவியுங்கள், அதற்குச் சரத்தைக் கொடுங்கள், மிதவைப் புள்ளி எண்ணைக் கொடுக்காதீர்கள். பைத்தனின் படிவத் தொகுதியான டிகே இன்டரில் விசைக்கு விசை சரிபார்ப்பதானால் வெறும் சரத்தையும் அனுமதியுங்கள், இல்லாவிட்டால் அடித்த கடைசி இலக்கத்தை அழிக்கவே முடியாது.

கியூட்டியில் எண் சரிபார்ப்பான் மூன்று விடை தரும்: ஏற்கத்தக்கது, இடைநிலை, செல்லாதது. நல்ல யோசனை, 4 அடித்தவரிடம் இன்னும் முடியவில்லை என்று பொறுமை காட்டுகிறது. ஆனால் 0 முதல் 150 வரை என்று வைத்த பெட்டியில் 999 என்பது செல்லாதது அல்ல, இடைநிலைதான். எனவே அது பெட்டியில் நிற்கும். சேமிக்கும்முன் ‘ஏற்கத்தக்கதா’ என்று கேட்டே ஆகவேண்டும். நியூமெரிக் அப்டவுனைப் போன்ற கியூட்டிச் சுழல்பெட்டியின் இயல்பு உச்சம் 99, மூன்றாவது இலக்கம் ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு அதுவே விடை.

ஒப்படைக்கும் முன் எவற்றை அடித்துப் பார்ப்பது?

வெறுமை, வெறும் இடைவெளி, 0, -1, 5-, 12.5, 12,5, வெறும் புள்ளி, 12.5.3, 007, உச்ச எல்லை, அதைவிட ஒரு படி கூட, 2147483648 (இண்ட் வகையின் உச்சத்தைவிட ஒன்று கூட), 1க்கும் 5க்கும் நடுவே ஆங்கில ‘ஈ’, ௧௨, எக்செல்லில் இருந்து ஒட்டிய ‘45 கிலோ’. பிறகு வட்டார அமைப்பை ஜெர்மனுக்கு மாற்றி எல்லாவற்றையும் மறுபடியும். அதன்பின் மடுவத்துப் புத்தகத்தின் உண்மையான ஒரு நாளைக் கிளாக்கரிடம் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.